சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டால் சட்டம் என்ன செய்யும்?

முதல் வேலையில் சேர்ந்து எட்டு, பத்து மாதம் ஆகியிருக்கும். வீட்டில் திடீரென்று ஒரு நெருக்கடி வரும். இல்லையென்றால் மேலாளரின் ஏச்சுப்பேச்சு தாங்க முடியாமல் போகும். அதுவும் இல்லையென்றால் வேறொரு கம்பெனி "திங்கட்கிழமையே வந்து சேர முடியுமா?" என்று கேட்கும். மறுநாளிலிருந்து ஆபீஸ் போவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டாம் நாளே எச்.ஆரிடமிருந்து மெயில் வந்துவிடும். "ஆப்ஸ்காண்டிங்" (சொல்லாமல் ஓடிப்போனது), "சட்ட நடவடிக்கை", "மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும்" என்றெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்ததும் பயந்துபோய் போனை அணைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். நோட்டீஸ் கொடுக்காமல், அதாவது விலகப்போவதை இத்தனை நாள் முன்பே எழுத்தில் சொல்லாமல், நின்றதால் வரும் நஷ்டம் பெரும்பாலும் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடக்கூடிய ஒரு தொகைதான். பதில் சொல்லாமல் ஒளிந்துகொள்வதால் வரும் நஷ்டத்துக்குத்தான் கணக்கே கிடையாது.

தமிழ்நாட்டில் தனியார் வேலையில் இருக்கும் புதியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அரசு வேலையின் விதிகள் வேறு. அங்கே ராஜினாமாவை மேலதிகாரி ஏற்றுக்கொண்டால்தான் அது நடைமுறைக்கு வரும், அனுமதியில்லாமல் வராமல் இருந்தால் ஒழுங்கு நடவடிக்கை வரும். அதற்குள் இங்கே போகவில்லை.

இது குற்றமா?

இல்லை. நோட்டீஸ் கொடுக்காமல் வேலையிலிருந்து நின்றதற்காகப் போலீஸ் உங்களைக் கைது செய்ய முடியாது. அது ஒப்பந்தத்தை மீறிய விஷயம், அதாவது சிவில் விஷயம்.

ஒரு காலத்தில் இது குற்றமாகத்தான் இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் என்று ஒன்று இருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்ட கைவினைஞரோ கூலியாளோ வேலையைப் பாதியில் விட்டால், மாஜிஸ்திரேட்டிடம் முதலாளி புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடித்துக் கொடு என்று உத்தரவு வரும். இரண்டும் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. கல்கத்தா, பம்பாய் நகரங்களோடு நம் மெட்ராஸுக்கும் அந்தச் சட்டம் முதலிலேயே வந்தது. 1925இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே இன்று ஒருவர் "வேலையை விட்டால் உள்ளே தள்ளிவிடுவேன்" என்று மிரட்டினால், நூறு வருடத்துக்கு முன்பே செத்துப்போன ஒரு சட்டத்தைச் சொல்லி மிரட்டுகிறார் என்று அர்த்தம்.

நீதிமன்றம் உங்களை மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைக்குமா? அதுவும் முடியாது. ஒருவரின் சொந்த உழைப்பையும் திறமையையும் சார்ந்த ஒப்பந்தத்தை வலுக்கட்டாயமாக நிறைவேற்ற வைக்க, 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தரவில்லை. கட்டாய உழைப்பை அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவே தடை செய்கிறது. மிச்சம் இருப்பது பணம் மட்டும்தான்.

ஆனால் வேலையை விடும் விதத்தில் குற்ற வழக்குக்கு வழி திறந்துவிடக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன. இவற்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியின் லேப்டாப், போன், வண்டி, வசூல் பணம், சாவி போன்றவற்றைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிப் புகாராக மாறலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு அது. வாடிக்கையாளர் பட்டியல், மென்பொருள் நிரல், கணக்குக் கோப்புகள் போன்றவற்றைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டு போனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகள் வரும். போலீஸ் புகார் நிஜமாகவே வரும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

அடுத்தது காசோலை. வேலையில் சேரும்போது பாண்டுக்கு (இத்தனை காலத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் தருகிறேன் என்ற ஒப்பந்தம்) ஈடாகக் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை வாங்கி வைக்கும் கம்பெனிகள் உண்டு. நீங்கள் நின்றதும் அதை நிரப்பி வங்கியில் போடுவார்கள். பணம் இல்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்கு வரலாம். அதற்கு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. காசோலை திரும்பிய பிறகு அவர்கள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கைக்குக் கிடைத்ததிலிருந்து பணம் கொடுக்க உங்களுக்கு 15 நாள் இருக்கிறது. சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் எதுவும் இல்லை என்று வாதாடலாம், ஆனால் அந்த 15 நாளைத் தூங்கிக் கழிக்கக் கூடாது. அதனால் எந்தக் கம்பெனிக்கும் வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, ராஜினாமாக் கடிதத்திலேயே அதைத் திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. படுக்கையில் கிடக்கும் நோயாளி, கைக்குழந்தை, மனநலம் குன்றியவர் என்று தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைக் கவனிக்க ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால் நியாய சன்ஹிதாவின் 357ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டு நர்ஸ், ஆயா வேலையில் இருப்பவர்கள் நிற்க வேண்டியிருந்தால், அந்த வீட்டாரில் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது: கையெழுத்துப் போட்ட தாளை எடுங்கள்

ஊழியர் எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெல்லியின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில், மூன்று மாதம் வேலை பார்த்த ஊழியர் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், தராவிட்டால் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டி விடுபடலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நம் மாநிலத்தின் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 41ஆம் பிரிவு முதலாளியைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. ஆகவே உங்கள் பக்கத்துக் கடமை என்ன என்பது பெரும்பாலும் நீங்கள் கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதத்தில்தான் இருக்கிறது. தொழிற்சாலை என்றால் நிலையாணைகளையும் (அந்த ஆலையின் எழுதப்பட்ட பணி விதிகள்) பார்க்க வேண்டும். மாதச் சம்பளத் தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் என்பது மாதிரி நிலையாணைகளின் அளவு.

கடிதத்தில் நான்கு இடங்களை அடிக்கோடிடுங்கள். நோட்டீஸ் எத்தனை நாள். தகுதிகாண் காலத்தில் எத்தனை நாள் (பெரும்பாலும் குறைவாக இருக்கும், நீங்கள் இன்னும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறீர்களா, வேலையை உறுதி செய்து கடிதம் வந்ததா என்று பாருங்கள்). நோட்டீஸுக்குப் பதிலாகச் சம்பளம் கொடுத்துவிட்டு விடுபட இடம் இருக்கிறதா. அந்தச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமா, மொத்தச் சம்பளமா. பெரும்பாலான சண்டைகள் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நடக்கின்றன.

நியமனக் கடிதமே தராத கம்பெனியா? "தொண்ணூறு நாள் நோட்டீஸ்" என்று அவர்கள் சொன்னால், அது எங்கே எழுதியிருக்கிறது, நான் எப்போது ஒப்புக்கொண்டேன் என்று எழுத்தில் கேளுங்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை.

கணக்குப் போடுங்கள்

மாதம் மொத்தச் சம்பளம் 30,000, அதில் அடிப்படை 15,000, நோட்டீஸ் 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள்கூட நோட்டீஸில் வேலை பார்க்காமல் நின்றால் அடிப்படைச் சம்பளக் கணக்கில் 30,000 ரூபாய், மொத்தச் சம்பளக் கணக்கில் 60,000 ரூபாய். இருபது நாள் பார்த்துவிட்டு நின்றால் பாக்கி 40 நாள், அதாவது 20,000 அல்லது 40,000. சேர்ந்திருக்கும் விடுப்பை நோட்டீஸில் கழித்துக்கொள்ள உங்கள் கம்பெனியின் விதி இடம் தந்தால் இன்னும் குறையும். இந்தத் தொகைதான் உங்கள் பிரச்சினையின் உண்மையான அளவு. இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

கம்பெனி இதற்கு மேல் ஏதாவது கேட்டால்? "நீ போனதால் எங்கள் ப்ராஜெக்ட் போய்விட்டது, ஐந்து லட்சம் கொடு" என்றால்? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதன் 73ஆம் பிரிவு, மீறலால் இயல்பாக விளைந்த நஷ்டத்துக்குத்தான் இழப்பீடு என்கிறது. சுற்றி வளைத்துச் சொல்லும் தூரத்து நஷ்டத்துக்குக் கிடையாது. 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால்கூட அதுதான் உச்சவரம்பு, அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. ஆகவே பத்து லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே பத்து லட்சம் கிடைத்துவிடாது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் காசு மிச்சமாகும். நோட்டீஸ் பணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று சில கம்பெனிகள் சேர்த்துக் கேட்டது உண்டு. மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3இல் வெளியிட்ட 178ஆம் எண் சுற்றறிக்கை, நோட்டீஸ் பணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதினால் போதும்.

இன்றே ஒரு மெயில் அனுப்புங்கள்

நாளையே நின்றாலும் சரி, நின்று பத்து நாள் ஆகிவிட்டாலும் சரி, எழுத்தில் ராஜினாமா கொடுங்கள். வாட்ஸ்அப்பில் "சார், நாளையிலிருந்து வரல" என்று போடுவதை ராஜினாமா என்று நினைக்காதீர்கள். சொந்த மெயிலிலிருந்து எச்.ஆருக்கும் மேலாளருக்கும் அனுப்புங்கள், ஏனென்றால் ஆபீஸ் மெயிலை எந்த நிமிடமும் முடக்கிவிடுவார்கள். அதோடு ஒரு பிரதியை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் தபால் நிலையத்தில் பழைய பெயரைச் சொல்லிக் குழம்ப வேண்டாம்.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா/அம்மையீர், சொந்தக் காரணங்களால் (அல்லது உடல்நிலை / சம்பள பாக்கி காரணமாக) ...ஆம் தேதியுடன் என் பணியிலிருந்து விலகுகிறேன். நியமனக் கடிதத்தின்படி உள்ள நோட்டீஸ் காலத்தை என்னால் முழுமையாக நிறைவு செய்ய இயலவில்லை. அதைத் தளர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில், ஒப்பந்தப்படி நான் செலுத்த வேண்டிய தொகையைக் கணக்கு விவரத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்கவும். என் வசம் உள்ள நிறுவனப் பொருள்களை ...ஆம் தேதி ஒப்படைக்கிறேன். பணி அனுபவச் சான்று, விடுவிப்புக் கடிதம், இறுதிக் கணக்கு ஆகியவற்றை வழங்குமாறு வேண்டுகிறேன்."

மேலாளரைத் திட்ட வேண்டாம், வரலாறு எழுத வேண்டாம். இந்தக் கடிதம் ஒன்று இருந்தால், பிறகு யார் கேட்டாலும் நீங்கள் ஓடிப்போனவர் இல்லை என்பதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்கும். நோட்டீஸைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பதற்கும் கூச்சப்பட வேண்டாம். அப்பாவின் ஆபரேஷன், கல்யாணமாகி வேறு ஊர் போவது போன்ற காரணங்களுக்கு மேலாளர்கள் விட்டுக்கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. புதிய கம்பெனி நோட்டீஸ் பணத்தைத் தானே கட்டுவதும் உண்டு. அதற்கு "பைஅவுட்" என்று பெயர், சேரும் முன்பே கேட்டு மெயிலில் வாங்கிவிடுங்கள்.

பொருள்களை ஒப்படைக்கும்போது வரிசை எண்ணோடு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உள்ளே விடாவிட்டால் கூரியரில் அனுப்புங்கள், பெட்டியை மூடும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை ஈடாக வைத்துக்கொண்டு "சம்பளத்தைக் கொடு, தருகிறேன்" என்று பேரம் பேசுவது மிகவும் ஆபத்தான யோசனை. உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் புகார் உங்கள் மேல்தான் வரும்.

உங்கள் பணம் எவ்வளவு அவர்களிடம் இருக்கிறது?

நோட்டீஸ் கொடுக்கவில்லை என்பதால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

*வேலை பார்த்த நாளுக்கான சம்பளம்.* ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ராஜினாமா செய்தவருக்கு வர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. 45 நாள் கழித்துத்தான் கணக்கு முடிப்போம் என்பது கம்பெனிகளின் பழைய வழக்கம். பிடித்தம் எவ்வளவு வந்தாலும், ஒரு ஊதியக் காலத்தில் அது ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. "எல்லாவற்றையும் கழித்துவிட்டோம், உனக்கு ஒன்றுமில்லை" என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், வரிவரியாகக் கணக்கு கேளுங்கள். ஊதிய பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் மனு போடலாம்.

*பிஎஃப்.* இதை எந்தக் கம்பெனியும் தொட முடியாது. நோட்டீஸ் பணத்துக்காகவோ பாண்டுக்காகவோ இதைப் பிடித்து வைக்க வழியே இல்லை, நீதிமன்றம்கூட ஜப்தி செய்ய முடியாத பணம் இது. நடைமுறையில் வரும் தொல்லை வேறு: கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடிக்கும். அது இல்லாமல் பணத்தை எடுப்பதும் மாற்றுவதும் சிக்கல். கடைசியாகப் பணம் வரவான மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, உங்கள் யுஏஎன் எண்ணோடு (எந்தக் கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) உறுப்பினர் தளத்தில் நுழைந்து 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்' மூலம் நீங்களே தேதியைப் போட்டுவிடலாம். ஆதாரோடு இணைந்த செல்போன் எண் தேவை. தேதி கடைசியாகப் பணம் வரவான மாதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய கம்பெனியில் விலகிய தேதி புதிய கம்பெனியில் சேர்ந்த தேதிக்குப் பின்னால் விழுந்துவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தது போலத் தெரியும், அதையும் கவனியுங்கள்.

*பணிக்கொடை.* ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் ராஜினாமா செய்தாலும் இது உண்டு. ஒரு வருடத்துக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கு. முதலாளியின் சொத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவற்றுக்காக வேலைநீக்கம் செய்தால்தான் அதைப் பறிக்க முடியும். நோட்டீஸ் தராதது அந்தப் பட்டியலில் இல்லை.

*படிப்புச் சான்றிதழ்கள்.* பொறியியல் கல்லூரிகள், மருத்துவமனைகள், சில சின்ன ஐடி கம்பெனிகள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது நம் ஊரில் பெரிய அநியாயமாகவே இருந்து வருகிறது. சான்றிதழ் விற்பனைச் சரக்கு இல்லை, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க உரிமை கிடையாது என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் போன பிறகு பல இடங்களில் தந்துவிடுகிறார்கள்.

பாண்டு போட்டிருந்தால்

"பாண்டு எதுவும் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நம்பி முடிவு எடுக்காதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. மூன்று வருடம் முடியும் முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை அது செல்லும் என்றது. புதிய ஆளைத் தேர்ந்தெடுக்கப் பொதுத்துறை வங்கி செய்ய வேண்டிய நீண்ட நடைமுறையையும் செலவையும் கணக்கில் எடுத்தது. விலகியவர் மேலாளர் நிலையில், நல்ல சம்பளத்தில் இருந்தவர் என்பதையும் பார்த்தது.

அதற்காக எல்லாப் பாண்டும் செல்லும் என்றும் இல்லை. பயிற்சிக்கு உண்மையிலேயே செலவு செய்தார்களா, எவ்வளவு, அந்தத் தொகை உங்கள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் நியாயமானதா, எத்தனை மாதம் வேலை பார்த்து முடித்துவிட்டீர்கள் என்பவை கேள்விகள். மாதம் 12,000 சம்பளத்தில் சேர்த்து, இரண்டு வாரம் பழைய ஊழியர் ஒருவரை விட்டு மடிக்கணினியில் பாடம் காட்டிவிட்டு, மூன்று லட்சம் கேட்கும் கம்பெனி தன் நஷ்டத்தை நிரூபிக்கத் திணறும். வெளிநாடு அனுப்பி, வெளியே கட்டணம் கட்டிப் பயிற்சி கொடுத்த கம்பெனியின் நிலை வலுவானது. இரண்டு வருடப் பாண்டில் 18 மாதம் முடித்திருந்தால், மிச்சம் உள்ள கால் பங்குக்கு ஏற்ற தொகை தருகிறேன் என்று எழுத்தில் சொல்லிப் பேசுங்கள். இப்படிப் பேசி முடிப்பதைத்தான் நான் எப்போதும் சிபாரிசு செய்வேன்.

போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை தனி. வேலை முடிந்த பிறகும் தொடரும் அப்படிப்பட்ட தடை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் "ஐந்து வருடம் இங்கே வேலை" என்று காலம் குறித்த ஒப்பந்தத்தில் பாதியிலேயே போனவரை, அந்தக் காலம் முடியும் வரை போட்டியாளரிடம் அதே வேலை பார்க்கக் கூடாது என்று தடுக்க முடியும். 1967இல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில், டயர் நூல் தயாரிப்பில் பயிற்சி பெற்று விலகிய ஊழியருக்கு உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. வியாபார ரகசியங்களைக் காக்கும் கடமையும் வேலையோடு முடிந்துவிடாது.

விமானிகளுக்கு நிலைமை இன்னும் கடுமை. 2017லிருந்து கேப்டனுக்கு ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம் நோட்டீஸ் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமே விதி வைத்திருக்கிறது. 2023இல் நோட்டீஸ் முடிக்காமல் போன விமானிகள் மேல் ஆகாசா ஏர் நீதிமன்றம் போனது.

ரிலீவிங் லெட்டர் (விடுவிப்புக் கடிதம்)

நீதிமன்றத்தைவிட நடைமுறையில் அதிகம் வலிப்பது இதுதான். அடுத்த கம்பெனி பின்னணி சரிபார்ப்பு செய்யும்போது பழைய எச்.ஆர். "ஆப்ஸ்காண்டட்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் வேலை கைநழுவலாம். ஐடி துறையில் இது மிகவும் சாதாரணம். அதனால் நோட்டீஸ் பணம் கட்டினால் இந்தக் கடிதம் கிடைக்கும் என்றால், தொகை கட்டக்கூடியதாக இருந்தால் கட்டிவிடுவதே நல்லது. பணத்தை வங்கி மூலம் கட்டுங்கள், "முழுத் தொகையும் பெறப்பட்டது, வேறு கோரிக்கை இல்லை" என்று எழுதி வாங்குங்கள்.

கடிதம் கிடைக்கவே இல்லை என்றால் நியமனக் கடிதம், சம்பள ஸ்லிப்புகள், வங்கி அறிக்கை, படிவம் 16 (சம்பளத்தில் வருமான வரி பிடித்ததற்கான சான்று), பிஎஃப் பணிவரலாறு, நீங்கள் அனுப்பிய ராஜினாமா மெயில் எல்லாவற்றையும் புதிய கம்பெனியிடம் காட்டி நடந்ததைச் சொல்லுங்கள். பல கம்பெனிகள் ஏற்கின்றன. அந்த வேலையையே மறைத்து ரெஸ்யூமேயில் இடைவெளி விடுவது வேண்டாம், பிஎஃப் பதிவில் அது அப்படியே தெரியும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால்

வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு தரப்பின் கோரிக்கை, கோர்ட் உத்தரவு இல்லை. வந்ததும் உறையை வாங்க மறுக்காதீர்கள். பெரும்பாலும் 15 நாள் கெடு கொடுத்திருப்பார்கள். அதற்குள் பதில் போகட்டும்: நான் ராஜினாமா கொடுத்த தேதி இது, பொருள்களை ஒப்படைத்த ரசீது இது, எனக்கு வர வேண்டிய சம்பளம் இவ்வளவு, ஒப்பந்தப்படி நான் தர வேண்டியது இவ்வளவுதான். வக்கீல் மூலம் அனுப்பினால் நல்லது.

கவனிக்க வேண்டிய காகிதங்கள் இரண்டு. ஒன்று கோர்ட் சம்மன். இன்னொன்று மத்தியஸ்தர் (ஆர்பிட்ரேட்டர், அதாவது கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்த்து வைக்கும் நடுவர்) அனுப்பும் அறிவிப்பு. பல நியமனக் கடிதங்களில் தகராறு வந்தால் பெங்களூரிலோ மும்பையிலோ மத்தியஸ்தம் என்று எழுதியிருக்கும். இவற்றுக்குப் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள். மத்தியஸ்தரின் தீர்ப்பைக் கோர்ட் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம், சம்பளத்தில் ஒரு பகுதியை ஜப்தி செய்யும் வரை போகலாம். கம்பெனி வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு என்பதால், அதுவரை காகிதங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நோட்டீஸ் இல்லாமலே நிற்க நியாயம் உள்ளவர்கள்

மாதக்கணக்கில் சம்பளம் தராதவர் உங்களிடம் நோட்டீஸ் கேட்பது நியாயமில்லை. ஒரு தரப்பு தன் கடமையைச் செய்ய மறுத்தால் மறுதரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. பாலியல் தொல்லை, அடிதடி, உயிருக்கு ஆபத்தான வேலையிடம் என்றால் முதலில் வெளியே வாருங்கள். கடிதத்தில் காரணத்தை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள், ஆதாரங்களைச் சேர்த்து வையுங்கள்.

செங்கல் சூளை, அரிசி ஆலை போன்ற இடங்களில் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கட்டிப்போட்டு வைத்திருந்தால் அங்கே நோட்டீஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்தக் கடனே ரத்து. அங்கே குற்றவாளி முதலாளி, மூன்று வருடம் வரை சிறை அவருக்குத்தான். மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இந்தக் கட்டுரையை வைத்து முடிவு எடுத்துவிடாதீர்கள். அங்கே வேலையும் விசாவும் பின்னிக் கிடக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் தகுதிகாண் காலத்தில் விதிப்படி நோட்டீஸ் தராமல் நாட்டை விட்டுப் போனால் ஒரு வருடத்துக்குப் புதிய வேலை அனுமதி கிடைக்காது. கிளம்பும் முன் அந்த நாட்டின் தொழிலாளர் அமைச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது

சம்பளம், பணிக்கொடை பாக்கிக்கு உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். சென்னையில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. பிஎஃப் தொல்லைக்கு வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணையக் குறைதீர் தளத்தில் புகார் பதியலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இன்னும் சில பிரிவினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. போகும்போது நியமனக் கடிதம், கடைசி மூன்று மாத சம்பள ஸ்லிப், ராஜினாமாக் கடிதத்தின் நகல், அதை அனுப்பிய ரசீது, கம்பெனி அனுப்பிய மெயில்களின் அச்சுப்பிரதி ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.